மலையும் குப்பை நாளும் ஒரே வரிசையில்

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் உள்ள மட்சுமோட்டோ நகரில் குடியேறியது முதல் நான் வைத்துவரும் பட நாட்குறிப்பில் பிரிவுகள் எதுவும் கிடையாது. பயணம், வீடு, வேலை, நண்பர்கள் என்று பிரிக்காமல், எடுத்த தேதியின்படி எல்லாப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவருகிறேன். அதனால் 3,180 மீட்டர் உயரமுள்ள யாரிகாதாகே சிகரத்தில் எடுத்த படத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, எங்கள் தெருமுனையில் காக்கைகள் கிளறாதபடி வலை போட்டு மூடி வைத்திருந்த குப்பைப் பைகளின் படம் இருக்கும். மலைப் படங்களை மட்டும் தனியாகத் தொகுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று பார்த்தவர்களில் சிலர் சொன்னார்கள். அக்கறையோடு சொன்ன யோசனைதான் என்றாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வெளிநாட்டில் வாழ்கிறவர்களின் படங்களில் பெரும்பாலும் விடுமுறை நாட்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. அந்த நாட்டில் அவர்கள் வாடகை கட்டினார்கள், பல்வலிக்கு மருத்துவரைத் தேடி அலைந்தார்கள், கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் போராடினார்கள் என்பதற்கெல்லாம் ஒரு சான்றும் இருப்பதில்லை. மலையை மட்டும் தனியே வைத்தால் அது ஒரு சுற்றுலாப் பயணியின் தொகுப்பாகிவிடும். வீட்டையும் தெருவையும் மட்டும் வைத்தால், சனிக்கிழமை விடியலில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓட வைக்கிற அந்த ஆசைக்கு அதில் இடமே இருக்காது. நான் இரண்டையும் ஒரே உடம்போடுதான் செய்கிறேன். ஆகவே அவை ஒரே வரிசையில் இருப்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த ஊரின் அமைப்பும் அதற்கு ஒத்துழைக்கிறது. மட்சுமோட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 590 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேற்கே ஹிதா மலைத்தொடர், அதாவது ஜப்பானியர்கள் வட ஆல்ப்ஸ் என்று அழைக்கும் தொடர், ஊரின் பல தெருக்களிலிருந்து கண்ணுக்குத் தெரியும். வானம் தெளிந்த குளிர்காலக் காலைகளில், 2,857 மீட்டர் உயரமுள்ள ஜோனென்தாகே முக்கோண வடிவில் மின்கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகும் வழியில் ஒரே இடத்தில் நின்று அதை அடிக்கடி எடுத்திருக்கிறேன். மின்கம்பிகளைப் படத்திலிருந்து அழித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு; கம்பிகள் இருக்கட்டும், நான் அந்த மலையைப் பார்ப்பது அந்தக் கம்பிகளின் ஊடாகத்தான்.

மலைக்குப் போகும் வழியும் நகரத்தின் அன்றாடத்தோடு கலந்தே தொடங்குகிறது. மட்சுமோட்டோவிலிருந்து ஷின்-ஷிமாஷிமா வரை செல்லும் சிறிய ரயிலில், பயிற்சிக்குப் போகும் பள்ளி மாணவர்களும், பனிக்கோடரியை முதுகுப்பையில் கட்டிய மலையேறிகளும் எதிரெதிர் இருக்கைகளில் உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி நேரப் பயணம். அங்கிருந்து பேருந்து, அணைகளையும் சுரங்கப்பாதைகளையும் கடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள காமிகோச்சியில் கொண்டுபோய் விடும். காமிகோச்சிக்குள் சொந்த வாகனங்களை அனுமதிப்பதில்லை. காரில் வருகிறவர்களும் கீழே நிறுத்திவிட்டுப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும் என்பதால், அசுசா ஆற்றின் ஓசை பேருந்திலிருந்து இறங்கியவுடனே காதில் விழும்.

காமிகோச்சியில் நான் அதிகம் படம் எடுத்திருப்பது சிகரங்களை அல்ல, தைஷோ குளத்தை. 1915ஆம் ஆண்டு யாகேதாகே எரிமலை வெடித்தபோது, சரிந்து வந்த சேறும் பாறையும் அசுசா ஆற்றை அடைத்ததால் உருவான குளம் அது. ஆற்றங்கரைக் காடு நீரில் மூழ்கியது; மூழ்கிய மரங்கள் பட்டு, வெள்ளைத் தண்டுகளாகத் தண்ணீருக்குள் நிற்கத் தொடங்கின. பழைய அஞ்சலட்டைகளில் அந்தப் பட்ட மரங்கள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். இன்று அங்கங்கே சிலதான் மிச்சம். ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பிறகும் ஏதாவது ஒன்று சாய்ந்திருக்கும். மலையிலிருந்து வரும் மண் குளத்தை விடாமல் நிரப்பிக்கொண்டும் இருக்கிறது. கரையில் ஒரு குறிப்பிட்ட பாறையின் அருகே நின்று, அதே லென்ஸால், யாகேதாகே படத்தின் இடது மேல் மூலையில் வரும்படி எடுப்பேன். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் அழகான குளம், அவ்வளவுதான். பல ஆண்டுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு இடம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருப்பது தெரியும். ஒருமுறை வந்து போகிறவரால் எடுக்க முடியாத படவரிசை இது. ஓர் ஊரில் தங்கி வாழ்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை, திரும்பிப் போய் அதே இடத்தில் நிற்க முடிவதுதான் என்று நினைக்கிறேன்.

குளத்திலிருந்து மேலே கப்பா தொங்குபாலம், பிறகு மியோஜின், தோகுசாவா, யோகோ என்று ஆற்றை ஒட்டிய பாதை ஏறக்குறைய சமதளமாகவே போகும். கப்பா பாலத்திலிருந்து யோகோவை அடைய மூன்று மணி நேரம் ஆகும். கூடாரத்தோடு போனால் என் முதுகுப்பை 15 கிலோவைத் தொட்டுவிடும் என்பதால், கேமராவுக்கு ஒரே ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸ்தான். அதையும் பைக்குள் வைப்பதில்லை, தோள்பட்டியில் ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். பையை இறக்கி, திறந்து, கேமராவை வெளியே எடுக்க வேண்டும் என்றால், களைத்த உடம்பு 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிடும். தொலைதூர லென்ஸ் இல்லாததால், பாதையோரம் நிதானமாகப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும் மக்காக் குரங்குகள் என் படங்களில் சிறியனவாகவே இருக்கும். அவற்றைப் பெரிதாகக் காட்ட நெருங்கிப் போவதும் உணவு காட்டுவதும் கூடாது. சிறியனவாக இருந்தால் என்ன, அவற்றைச் சுற்றியுள்ள மூங்கில்புதரும் ஆறும் சேர்ந்து படத்தில் வந்துவிடுகின்றன.

யோகோவில் பாதை பிரியும். இடப்பக்கம் பாலத்தைக் கடந்து மூன்று மணி நேரம் ஏறினால், 2,300 மீட்டர் உயரத்தில் பனியாறு குடைந்த பெரிய கிண்ணம் போன்ற கராசாவா. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நானகாமாதோ மரங்கள் சிவந்தும் பிர்ச் மரங்கள் மஞ்சளாகியும் நிற்கும்போது, பாறைக்கற்களின் மேல் நூற்றுக்கணக்கான கூடாரங்கள் முளைத்துவிடும். ஆளுக்கு ஏறக்குறைய 2,000 யென் கொடுத்தால் கற்களை ஒதுக்கி ஓர் இடம் பிடித்துக்கொள்ளலாம். மாலையில் கூடாரங்களுக்குள் விளக்கு எரியும் காட்சியையும், விடியலில் ஹொதாகா பாறைச்சுவர் செந்நிறமாவதையும் எடுக்க முக்காலிகள் வரிசைகட்டி நிற்கும். நானும் எடுத்திருக்கிறேன், எடுக்கத் தகுந்த காட்சிதான், அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் கராசாவா என்றதும் நான் முதலில் திறந்து பார்ப்பது வேறொரு படம். மழை காரணமாகக் கூடாரத்தை விட்டு மலைக்குடிலில் தங்கிய ஓர் இரவு. அதிகாலை நான்கு மணிக்கு, வாசலில் உள்ள காலணி அடுக்கு. ஈரம் காயாத தோல் பூட்ஸ்கள் தட்டு தட்டாக நிற்கின்றன. தன்னுடையதை அடையாளம் காண ஒவ்வொருவரும் எதையோ கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் துணிக்கிளிப், ஒன்றின் நாடாவில் கரடிகளை எச்சரிக்க ஒலிக்கும் சிறிய மணி. உள்ளே நாளிதழைச் சுருட்டித் திணித்த ஒரு ஜோடியும் உண்டு. அந்தத் தாளின் ஓரத்தில் ஈரம் ஏறியிருக்கும் கோடுகூடப் படத்தில் தெரிகிறது. அந்த இருட்டில் படமெடுக்கக் கைப்பேசியைப் பயன்படுத்த முடியாது. ஜப்பானில் விற்கப்படும் கைப்பேசிகள், ரகசியமாகப் படமெடுப்பதைத் தடுக்க, எடுக்கும்போது ஓசை எழுப்பும்படியே அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த 'க்ளிக்' ஓசை, பக்கத்து அறையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுத்திருப்பவர்களை எழுப்பிவிடும். ஓசையில்லாமல் இயங்கும் என் சிறிய கேமரா அங்கேதான் உதவியது. அந்தக் காலணிகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒருவரும் படத்தில் இல்லை, இருந்தும் அந்த இரவில் அங்கே தங்கியவர்களின் படம் அதுதான்.

யாரிகாதாகேவுக்கு யோகோவிலிருந்து நேராக வடக்கே ஏற வேண்டும். 1828ஆம் ஆண்டு பான்ரியூ என்ற துறவி ஏறி, புத்தர் உருவங்களை நிறுவிய சிகரம் அது. பின்னர் வந்த ஆங்கிலேய மதபோதகர் வால்டர் வெஸ்டனின் எழுத்து இந்த மலைகளை வெளியுலகுக்குக் காட்டியது. 1905இல் ஜப்பானிய மலையேறிகள் சங்கம் உருவாகவும் அவரது ஊக்கம் ஒரு காரணம். அவருடைய உருவம் பொறித்த பலகையைக் காமிகோச்சியில் ஆற்றங்கரைப் பாறையில் பார்க்கலாம். குடிலில் பையை இறக்கி வைத்துவிட்டு, சங்கிலிகளையும் இரும்பு ஏணிகளையும் பிடித்து அரை மணி நேரம் ஏறினால் உச்சியில் ஒரு சிறு கோவில் இருக்கும். அதன் அருகே நின்று படமெடுத்துக்கொள்ள வரிசை நிற்கும். முன்னால் நிற்பவர் தன் கேமராவைப் பின்னால் நிற்பவரிடம் கொடுப்பார். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை அடுத்தவரிடம் நீட்டுவார். அறிமுகமே இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் 'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்' என்று கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். நான் அந்த வரிசையைத்தான் எடுத்தேன். என் படத்தை எடுத்துக் கொடுத்த முதியவரின் கையுறையில் கட்டைவிரல் நுனி கிழிந்து, வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. அனுமதி கேட்டு அந்தக் கையை மட்டும் தனியாக எடுத்தேன்.

உயரத்தில் குளிரிலிருந்து கேமராவைக் காப்பது பற்றிச் சிலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரியை உடம்போடு வைத்துச் சூடாக்கினால் ஓரளவு மீண்டும் வேலை செய்யும். இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுப்பேன். குளிரிலிருந்து குடிலுக்குள் நுழையும்போது கேமராவை வெளியிலேயே இறுக்கமான பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுபோய் அது சூடேறும்வரை திறக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால், உலர்த்தும் அறையிலிருந்து வரும் ஈரக்காற்று லென்ஸின் மேல் நீராகப் படிந்துவிடும். பனி நிறைந்த காட்சியைக் கேமரா தானாக அளந்தால் வெண்மையைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், ஒளியளவை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

நாட்குறிப்பில் ஒன்றுமே நிகழாத நாட்களுக்கு என்ன செய்வது என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது சுவா ஏரியில். மட்சுமோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடுங்குளிரில் ஏரி முழுதும் உறைந்தால், பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பனித்தளம் வெடித்து, கரையிலிருந்து கரைவரை ஒரு பனிமுகடு எழும். சுவா கோவிலின் ஆண் தெய்வம் எதிர்க்கரையில் உள்ள தன் தேவியைக் காண நடந்துபோன தடம் அது என்பது நம்பிக்கை. 1443 முதல் இதைப் பற்றிய பதிவுகள் தொடர்ந்து காக்கப்பட்டிருக்கின்றன. இன்றும் ஜனவரி தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை, யாட்சுருகி கோவிலின் பூசாரியும் ஊர்க்காரர்களும் ஒவ்வொரு நாளும் விடியும் முன்பே கரைக்கு வந்து, வெப்பநிலையையும் பனியின் கனத்தையும் அளந்து எழுதுகிறார்கள். 2018க்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் முகடு எழவில்லை. எழவில்லை என்பதையும் அவர்கள் எழுதிவைக்கிறார்கள். முகடு எழுந்த ஆண்டுகளை மட்டும் குறித்திருந்தால், இன்று காலநிலை ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைத் தேடி வந்திருக்க மாட்டார்கள்; நூற்றாண்டுகளின் குளிர் எப்படித் தளர்ந்துவந்திருக்கிறது என்பது, எழுந்த ஆண்டும் எழாத ஆண்டும் சேர்ந்து நிற்பதால்தான் தெரிகிறது. இருட்டில் கைவிளக்கோடு ஏரியைப் பார்த்து நிற்கும் அந்த மனிதர்களைத் தொலைவிலிருந்து எடுத்த படம் என்னிடம் உண்டு. அதற்குப் பிறகு, சும்மா போன செவ்வாய்க்கிழமைகளை எடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

அன்றாடத்தில் படமாகத் தகுந்தது குறைவு என்று நினைக்கிறவர்களை கென்ச்சி கிணற்றடிக்கு அழைத்துப் போக வேண்டும். மட்சுமோட்டோவின் பழைய நகர்ப்பகுதியில் பல இடங்களில் ஊற்றுநீர் தானாகவே பொங்கி வழிகிறது. ஊருக்குக் கிழக்கே உள்ள மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் கொண்டுவந்து பரப்பிய வண்டலுக்குள் ஊறி வரும் நீர் அது. ஜப்பான் அரசு 2008இல் வெளியிட்ட நூறு சிறந்த நீர்நிலைகளின் பட்டியலில் இந்த ஊற்றுகளும் சேர்க்கப்பட்டன. காலையில் வேலைக்குப் போகும் முன் சிற்றுண்டிக்கடைக்காரர் ஒருவர் பெரிய பிளாஸ்டிக் கேன்களைக் கொண்டுவந்து நிரப்புவார். பள்ளிக்குப் போகும் சிறுமி தன் குடுவையை நீட்டுவாள். நான் மலைக்குக் கொண்டுபோகும் புட்டியையும் அங்கேதான் நிரப்பிக்கொள்கிறேன். கிணற்றடியில் எடுத்த படங்களில் நான்கு பருவமும் இருக்கிறது, ஏனென்றால் தண்ணீர் மாறாவிட்டாலும் நிரப்பும் கைகளின் உடை மாறுகிறது.

குளிர்காலத்தில் வேறு வகையான படங்கள் சேர்கின்றன. மண்ணெண்ணெய் வண்டி பாட்டு ஒலித்துக்கொண்டு தெருவில் வருவது. இரவு கடுங்குளிர் என்று அறிவித்தால், குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க, படுக்கப் போகும் முன் தண்ணீரை வடித்துவிடும் திருகு. பால்கனியில் காயப்போட்ட துண்டு விறைத்துப் பலகைபோல் நிற்பது. அந்தத் துண்டின் படத்துக்கு ஒரு காரணம் உண்டு. சிகரப் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தபோது அம்மா ஒருநாள் தொலைபேசியில், "மலையெல்லாம் அழகாத்தான் இருக்கு. நீ துணி எங்க காயப்போடுற, எந்த அடுப்புல சமைக்கிற, அதைக் காட்டேன்" என்றார். நான் நலமாக இருக்கிறேனா என்பதை அம்மாவால் சிகரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பால்கனியைப் பார்த்தால் முடியும்.

மனிதர்களைப் படமெடுப்பதில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும், அது சரியானதும்கூட. அனுமதியில்லாமல் தன் தோற்றம் படமாக்கப்படாமல் இருக்கும் சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று, காவல்துறை எடுத்த படம் தொடர்பான ஒரு வழக்கில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 1969ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நான் இந்தத் தெருவில் தொடர்ந்து வாழப் போகிறவன் என்பது. பயணி கிளம்பிப் போய்விடலாம். நான் நாளைக் காலையும் அதே முகங்களுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் கேட்பேன். தயங்கினால் கேமராவைத் தாழ்த்திவிடுவேன். எடுத்த படத்தில் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கத்து வீட்டு மூதாட்டி தன் முகத்தை எடுக்க வேண்டாம் என்றார். வாசலில் அவர் வரிசையாகத் தொங்கவிட்டிருந்த 'காக்கி' எனப்படும் பேரிக்காய் வடிவப் பெர்சிமன் பழங்களையும், அவற்றைக் கட்டும் தன் கைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்களில் கேமராவுக்கு இடமே கிடையாது. மலையிறங்கியதும் உடம்பு முழுவதும் வெந்நீருக்குள் தளர்ந்துபோகும் அந்த நேரம் என் நாட்குறிப்பில் எழுத்தாக மட்டுமே இருக்கிறது.

என் முகம் தவறாமல் இடம்பெறும் ஒரு வரிசையும் உண்டு. ஜப்பானில் நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவர்களுக்கு 2012 ஜூலை முதல் வசிப்பிட அட்டை வழங்கப்படுகிறது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, 4 சென்டிமீட்டர் உயரமும் 3 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதை ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் தானியங்கிப் படக்கூண்டில் எடுப்பேன். தொப்பி கூடாது, பின்புலத்தில் எதுவும் இருக்கக் கூடாது. கூண்டு தரும் தாளில் மிஞ்சும் படத்தைத் தேதியோடு நாட்குறிப்பில் ஒட்டிவிடுவேன். சிகரத்தில் சிரிக்கும் முகத்துக்கும் இந்த முகத்துக்கும் எவ்வளவோ தூரம். இன்னும் எத்தனை ஆண்டு இங்கே இருக்கலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்யக் காத்திருக்கும் முகம் அது. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிய ஒரு தொகுப்பில் அந்தக் காத்திருப்பும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

படம் எடுத்த அன்று இரவே அதன் கீழ் எழுதிவிடுவது என் வழக்கம். இடத்தின் பெயரும் தேதியும் மட்டுமல்ல, படத்தில் வராததை எழுதுகிறேன். மாலையில் ஊர் ஒலிபெருக்கியில் வரும் மெட்டு, குடிலில் கறிக்குழம்பின் வாசனையோடு கலந்த ஈரக் கம்பளியின் வாடை, கால் வலி, அன்று பேசியவர் சொன்ன ஒரு சொல். நாடு மாறியவர்கள் கேமராவின் கடிகாரத்தையும் மறக்காமல் மாற்றிவிட வேண்டும். படக்கோப்பில் பதியும் எக்ஸிஃப் தகவலில் நீண்டகாலமாக உள்ளூர் நேரம் மட்டுமே இருந்தது. எந்த நேர மண்டலம் என்பதைப் பதியும் வசதி 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. பழைய கேமராவும் புதிய கைப்பேசியும் வெவ்வேறு நேரத்தைக் காட்டினால், தேதிவரிசை என்ற என் முறையே குலைந்துவிடும்.

கடைசியாக, அச்சு. ஒவ்வொரு மாதமும் தேர்ந்தெடுத்த படங்களை, தெருவுக்குத் தெரு இருக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடையின் நகலெடுக்கும் இயந்திரத்தில், இங்கே 'எல்' என்று அழைக்கப்படும் 89க்கு 127 மில்லிமீட்டர் அளவில் அச்சிட்டுக்கொள்கிறேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, மியாகி, இவாத்தே மாகாணங்களின் கடற்கரை ஊர்களில் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் நன்னீரில் கழுவி, கயிற்றில் காயவைத்து, உரியவர்கள் தேடி எடுத்துக்கொள்ளும்படி கூடங்களில் பரப்பி வைத்தார்கள். சேறும் நுண்ணுயிரியும் தின்றது போக மிஞ்சிய அந்த ஆல்பங்களில் இருந்தவை பெரும்பாலும் பள்ளியின் முதல் நாள், பிறந்தநாள், வீட்டு வாசலில் நிற்கும் யாரோ. வீட்டை இழந்தவர்கள் அவற்றைத் தேடித்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதைப் பற்றிப் படித்த பிறகு, குளத்தின் படத்தையும் குப்பைப் பைகளின் படத்தையும் ஒரே அளவில், ஒரே தாளில் அச்சிடத் தொடங்கினேன்.

நவம்பர் நடுவில் காமிகோச்சிக்குப் போகும் பேருந்துகள் நின்றுவிடும். சாலை குளிர்காலத்துக்கு மூடப்பட்டு ஏப்ரலில் திறக்கும். ஏப்ரல் 27 அன்று கப்பா பாலத்தருகே ஆல்ப்ஸ் கொம்பு ஊதி மலைப்பருவத்தைத் தொடங்கிவைப்பார்கள். அதுவரை என் நாட்குறிப்பில் கிணறும் பால்கனியும் சைக்கிள் பாதையும்தான் வரும். இடையில் சுவா ஏரிக்கரையில் சில விடியல்கள். இந்தக் குளிர்காலத்தில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் கூண்டுப் படம் ஒன்றும் சேரும். அச்சிட்டவற்றில் ஒரு தொகுதியை மார்ச் மாதத்தில் அம்மாவுக்கு அஞ்சலில் அனுப்பப் போகிறேன். அடுப்பின் படத்தை இந்த முறை முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அதன் தேதி ஜனவரி 1 என்பதால்.